அப்பா சிகரெட்டை விட்ட வருடம்

ஜனவரி பிறந்துவிட்டால் நம் வயதுக்காரர்களுக்கு எதையாவது விடவேண்டும் என்று தோன்றிவிடுகிறது. ஒருத்தி சர்க்கரையை விடுகிறாள், ஒருத்தி ராத்திரிச் சோற்றை விடுகிறாள், ஒருத்தி மருமகளைப் பற்றிப் பேசுவதையே விடப்போவதாகச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைக்கிறாள். கைப்பேசியில் நம் பள்ளிக்கூடத்துக் குழுவில் இந்த வருடமும் வரிசையாகச் சபதங்கள் வந்தன. "எனக்கு ஒன்றும் இல்லை" என்று எழுதினேன். "வருஷா வருஷம் இதையே சொல்றியே, அப்படி என்ன வீம்பு?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள்.

வீம்பு இல்லை. உங்களில் சிலர் அந்த வருடம் என்னோடு எட்டாம் வகுப்பில் இருந்தீர்கள். நான் ஓடுவதை நிறுத்தியது உங்களுக்குத் தெரியும். ஏன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கிழக்குத் தாம்பரத்தில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் நாங்கள் குடியிருந்தோம். முன்னால் ஒரு வேப்பமரம், பின்னால் கிணறு, வீட்டுக்காரர் மாடியில். பயிற்சி விமானங்கள் தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போகும்போது பேச்சை நிறுத்தி, அது போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வது எங்கள் எல்லோருக்கும் பழகியிருந்தது. அப்பா தினமும் காலையில் மின்சார ரயிலேறிக் கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த ஆபீசுக்குப் போவார். அம்மா வீட்டில். தம்பி மூன்றாவது படித்தான்.

அப்பா குரலை உயர்த்தாதவர். எங்கள் தெருவில் மற்ற அப்பாக்கள் பெல்ட்டை உருவியதையும், கணக்கில் மார்க் குறைந்ததற்காகப் பிள்ளைகளை வாசலில் முட்டிபோட வைத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அடி, திட்டு, கண்டிப்பு எல்லாமே அம்மாதான். அப்பா சைக்கிளில் உட்காரவைத்து ஸ்டேஷன் வரைக்கும் கூட்டிப்போய்க் கடலைப் பர்பி வாங்கித் தருகிறவர். அதனால் எனக்கு அப்பாவைத்தான் பிடிக்கும். அதை ஒளிக்காமல் அம்மாவிடமே சொல்வேன்.

ஓட்டம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஆறாவதில் கபடிக்கு ஆள் எடுக்கும்போது பி.டி. மிஸ் எங்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். நான் முதலில் வந்து, நின்று, திரும்பிப் பார்த்தால் மற்றவர்கள் வெகு தூரத்தில் வந்துகொண்டிருந்தார்கள். "இன்னொரு தடவை ஓடு" என்றார் மிஸ். ஓடினேன். அவ்வளவுதான் ஆரம்பம். அந்த மைதானத்துச் செம்மண் உங்களுக்கு நினைவிருக்கும். மழை பெய்த மறுநாள் காலையில் வெறுங்காலோடு அதில் ஓடும்போது மண் விரல்களுக்கு நடுவே ஏறி, லேசாகப் பிடித்து, விட்டுவிடும். காதில் காற்று மட்டும் கேட்கும். அந்த நேரத்தில் நான் கணக்கில் மக்கு இல்லை, கறுப்பு இல்லை, யாருடைய பெண்ணும் இல்லை.

எட்டாவது படிக்கும்போது மண்டலப் போட்டியில் நூறு மீட்டரிலும் இருநூறிலும் முதலாவதாக வந்தேன். மாவட்டப் போட்டி பிப்ரவரியில். அதற்காக மிஸ் தன் பழைய மாணவி ஒருத்தியிடமிருந்து ஆணி வைத்த ஷூ ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து எனக்குக் கொடுத்தார். நீலத் துணி, வெளுத்த நாடா. என் காலுக்கு அது பெரியது. முன்பக்கம் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்துக்கொள்வேன். ராத்திரி அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, தம்பி தொட்டுவிடக் கூடாதென்று அதன்மேல் என் பாவாடையைப் போட்டு மூடிவைப்பேன்.

அந்த ஐப்பசியில்தான் நான் பெரியவளானேன். சடங்குக்கு வந்த அத்தை, அப்பாவின் அக்கா, குரோம்பேட்டையிலிருந்து அதற்குப் பிறகு அடிக்கடி வர ஆரம்பித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மைதானத்திலிருந்து நிக்கரோடு சைக்கிளில் வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டாள்.

"வயசுக்கு வந்த பொண்ணு இப்படித் தொடை தெரிய ஊர் நடுவுல ஓடிட்டு வரா. நீங்க ரெண்டு பேரும் பார்த்துட்டு உக்காந்திருக்கீங்க" என்றாள்.

அத்தை போனதும் அம்மா என்னிடம் நேராகவே சொன்னாள். "இனிமே ஓட வேணாம். போதும்."

நான் இரண்டு வேளை சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டேன். அம்மா முதுகில் ஒரு அறை வைத்தாள். அப்பா ஆபீசிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"விடுடி. ஓடட்டும். காலம் மாறிப்போச்சு" என்றார் அம்மாவிடம். பிறகு தன் கையால் பிசைந்து ஊட்டினார். அன்றைக்கு நான் அம்மாவைப் பார்த்த பார்வை எனக்கே நினைவிருக்கிறது. தோற்றவர்களைப் பார்க்கிற பார்வை.

அப்பாவிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். சிகரெட். வீட்டுக்குள் குடிக்கமாட்டார். ஸ்டேஷன் வாசலில், டீக்கடையில், சாப்பாட்டுக்குப் பிறகு தெருமுனையில். ஆனால் காலையில் கிணற்றடியில் பல் தேய்க்கும்போது அவருக்கு வரும் இருமல் தெருவுக்கே கேட்கும். அடுத்த ஸ்டேஷனே சானடோரியம். ரயிலில் அதைத் தாண்டும்போதெல்லாம், நெஞ்சு கெட்டுப்போனவர்களைக் கொண்டுவந்து சேர்க்கிற இடம் அது என்று யாராவது சொல்வார்கள். மரங்களுக்குப் பின்னால் நீளமான ஓட்டுக் கட்டடங்கள் தெரியும். அப்பாவை அங்கே ஒரு கட்டிலில் படுக்கவைத்திருப்பதுபோல் எனக்கு அடிக்கடி கனவு வந்தது. எழுந்து அழுவேன். ஒருநாள் அப்பாவிடமே சொல்லிவிட்டேன். என் தலையைத் தடவிக்கொடுத்தார். 

ஜனவரி முதல் தேதி அப்பா எங்களை மாடம்பாக்கம் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அப்போது அங்கே இப்போதுபோல் வீடுகள் கிடையாது. வயலும் ஏரிக்கரையும் தாண்டிப் போகவேண்டும். புது வருடத்துக்குக் கோயிலுக்குப் போகும் பழக்கம் எங்கள் வீட்டில் அதற்குமுன் இருந்ததில்லை. சாமி கும்பிட்டுவிட்டுப் பிரகாரத்தில் உட்கார்ந்தோம். கருங்கல் குளிர்ந்து கிடந்தது. தம்பி தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"வெளிநாட்டுலல்லாம் நியூ இயருக்கு ஆளாளுக்கு ஒரு ரெசல்யூஷன் எடுப்பாங்க. நாமளும் எடுக்கலாமா?" என்றார் அப்பா. "தனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணை விட்டுடணும். அப்பத்தான் அதுக்கு மதிப்பு."

தம்பி நகம் கடிப்பதை விடுவதாகச் சொன்னான். "நகம் கடிக்கிறது உனக்கு ரொம்பப் பிடிக்குமாடா?" என்று அப்பா கேட்க, எல்லோரும் சிரித்தோம். அம்மா மட்டும் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சிகரெட்டை விட்டுடறேன்" என்றார் அப்பா.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நிஜமாவாப்பா?"

"நிஜமா. ஆனா எனக்குத் தனியா முடியாதும்மா. இருபது வருஷப் பழக்கம். கூட யாராவது எனக்குச் சமமா ஒண்ணை விட்டாத்தான் எனக்குத் தெம்பு வரும். நான் கை நீட்டறப்பல்லாம், என் பொண்ணும் இதே மாதிரி கஷ்டப்படறான்னு நினைச்சுப்பேன்."

"நான் பர்பியை விட்டுடறேன்பா."

"பர்பி சிகரெட்டுக்குச் சமமாடா கண்ணு?"

அவர் ஓட்டம் என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. அதை நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் யோசித்தேன். எனக்கு ரொம்பப் பிடித்தது எது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கட்டிலில் படுத்திருக்கும் அப்பா கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான் ஓடலைப்பா" என்றேன். "ஓடறதை விட்டுடறேன்."

அம்மா சட்டென்று எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு தனியாக நடந்து போனாள். என்மேல் பொறாமை என்று நினைத்தேன். நானும் அப்பாவும் சேர்ந்து ஒரு பெரிய காரியம் செய்கிறோம், அவளுக்கு அதில் இடமில்லை, அதனால்தான் என்று.

கோயிலுக்கு வெளியே அப்பா சட்டைப் பையிலிருந்து சிகரெட் பாக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீயே பிய்ச்சுப் போடு" என்றார். ஒவ்வொன்றாக உடைத்துக் குப்பைமேட்டில் உதிர்த்தேன். ஒன்றுகூடக் குறையாத பாக்கெட். "புதுசாப்பா?" என்றேன். "வர்ற வழியிலதான் வாங்கினேன். இன்னிக்கு வரைக்கும் குடிச்சேன்ல" என்றார். புகையிலைத் தூள் விரலில் ஒட்டிக்கொண்டு, பஸ்ஸில் வீடு வரும்வரை மணந்தது. அந்த மணம் எனக்குப் பிடித்திருந்தது. அப்பாவைக் காப்பாற்றிவிட்ட மணம்.

ஷூவைத் திருப்பிக் கொடுத்தபோது பி.டி. மிஸ் நம்பவில்லை. "யாரு சொன்னது? உங்கம்மாவா?" என்றார். நான் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு ஓடிவந்துவிட்டேன். அந்த வாரமே அவர் தன் மொபெட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை, அப்பா வீட்டில் இருந்தார்.

அப்பா அவரை மரியாதையாக உட்காரவைத்தார். அம்மாவைக் காபி போடச் சொன்னார். மிஸ் சுற்றி வளைக்காமல் பேசினார். "சார், இந்த மாதிரி கால் எனக்கு இத்தனை வருஷ சர்வீஸ்ல கிடைச்சதில்ல. டிஸ்ட்ரிக்ட்ல இவ கண்டிப்பா வருவா. ஸ்டேட் போவா. ஸ்போர்ட்ஸ்ல போனா ரயில்வேல வேலையே கிடைக்கும். வீட்டுல தடுக்காதீங்க."

"நான் தடுக்கவே இல்லையே மேடம்" என்றார் அப்பா. அவர் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது. "அவ மெடல் வாங்கினப்ப ஆபீசுக்கே ஸ்வீட் குடுத்தவன் நான். இது அவளோட சொந்த முடிவு. நீங்களே கேளுங்க." என்னைக் கூப்பிட்டார். "மிஸ்கிட்ட சொல்லும்மா. அப்பா உன்னை ஓட வேணாம்னு சொன்னேனா?"

"இல்ல மிஸ்" என்றேன். "நானாத்தான்."

அம்மா காபியோடு வாசற்படியில் நின்றிருந்தாள். "மிஸ், அவ வந்து..." என்று ஆரம்பித்தாள். அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, சும்மா பார்த்தார். அம்மா டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மிஸ் காபியைக் குடிக்காமல் எழுந்து போனார். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார். பிப்ரவரியில் என் இடத்தில் வேறொரு பெண் போனாள். அவள் என்ன ஆனாள் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க, பிரேயரில் பரிசு அறிவிக்கும்போது காதுக்குள் விரலை விட்டுக்கொண்டு நின்றேன்.

ஆனால் நான் சந்தோஷமாக இல்லை என்று சொன்னால் அது பொய். அப்பாவுக்கு இருமல் இல்லை. தினமும் சாயங்காலம் அவர் வந்ததும் சட்டையை முகர்ந்து பார்ப்பேன். "பாஸா?" என்பார். "பாஸ்" என்பேன். மைதானத்துப் பக்கம் கால் இழுக்கும்போது, இந்நேரம் அப்பாவுக்கும் ஸ்டேஷன் வாசலில் இப்படித்தான் கை இழுக்கும் என்று நினைத்துக்கொள்வேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டிருப்பதாக நம்பினேன்.

மே மாதம், அப்பாவின் ஆபீஸ் நண்பர் ஊரப்பாக்கத்தில் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். அவர் அப்பாவுக்குப் பக்கத்து சீட், பூர்வீகம் சிந்தாதிரிப்பேட்டை, பேசினால் மெட்ராஸ் மணக்கும். சுண்ணாம்பு வாசனை போகாத வீட்டில், பந்தலுக்குக் கீழே ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி வெற்றிலைத் தட்டில் சிகரெட்டும் வைத்து நீட்டிக்கொண்டு வந்தார்கள். தட்டு அப்பாவிடம் வந்தது. அப்பா வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"எங்கப்பா நியூ இயர்லேர்ந்து சிகரெட்டை விட்டுட்டாரு அங்கிள்" என்றேன் நண்பரிடம்.

"நியூ இயரா?" அவர் சிரித்தார். "இன்னா பாப்பா, நல்லாக் கேட்டே போ. அதுக்கு முந்தின ஆடியிலயே வுட்டுட்டாரே! ஆபீஸ்ல மயக்கம் போட்டு வுழுந்து, நான்தானே டாக்டராண்ட இட்டுகினு போனேன். இனிமே ஒண்ணு தொட்டாலும் நெஞ்சு தாங்காதுன்னு டாக்டர் சொன்னாரா, மனுசன் அன்னிக்கு வுட்டவர்தான். அப்பாலே தொடவே இல்ல. வூட்ல சொல்லலியா சார் நீ?"

அப்பா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

ஆடி. நான் மனசுக்குள் மாதங்களைத் திரும்ப அடுக்கினேன். ஐப்பசிக்கு முன்னால். அத்தை வருவதற்கு முன்னால். கனவைச் சொல்லி அழுதபோது அவர் என் தலையைத் தடவியதற்கும் முன்னால். அப்பாவின் இருமல் மழைக்காலத்திலேயே நின்றுபோயிருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். கோயில் வாசலில் நான் உடைத்துப்போட்டது எனக்காகவே வாங்கிய பாக்கெட்.

சாப்பிடாமல் வெளியே வந்து ஸ்டேஷனை நோக்கி நடந்தேன். அப்பா பின்னாலேயே வந்தார். அம்மாவும் தம்பியும் அவருக்குப் பின்னால். பிளாட்பாரத்தில் நிழல் இல்லை. செங்கல்பட்டிலிருந்து வண்டி வர நேரமிருந்தது.

"எப்ப விட்டா என்னம்மா?" என்றார் அப்பா. எப்போதும்போலவே மெதுவாக. "விட்டேன்ல? இன்னிவரைக்கும் தொட்டேனா? நான் வாக்கு மாறலையே."

"அப்ப நான் எதுக்குப்பா விட்டேன்?"

"உன் நல்லதுக்குத்தான். நேரா வேணாம்னு சொன்னா நீ கேட்டிருப்பியா? உங்கம்மா சொன்னதுக்கே சோறு தின்னாமக் கெடந்தே. உனக்கும் மனசு நோகக் கூடாது, அத்தைக்கும் பதில் சொல்லணும். நீயா விட்டா உனக்கும் கௌரவம்தானே?"

"நான் மறுபடியும் ஓடுவேன்."

"சாமி முன்னாடி சொன்ன வார்த்தைம்மா. நான் காப்பாத்தறேன். நீயும் காப்பாத்தணும் இல்ல?"

அடித்திருந்தால் அழுதிருப்பேன். பெல்ட்டை உருவுகிற அப்பாக்களின் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கத்தவாவது ஒரு வழி இருந்தது. எனக்கு அதுகூட இல்லை. நானே சொன்னேன், நானே உடைத்தேன், மிஸ்ஸிடம் நானே பொய் சொன்னேன். அம்மாவிடம் திரும்பினேன். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் அம்மா. "மயக்கம் போட்டு வந்த அன்னிக்கே தெரியும். கோயிலுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே, ஓட வேணாம்னா வேணாம்னு நேரா சொல்லுங்க, குழந்தையை இப்படி ஏமாத்தாதீங்கன்னு சொன்னேன். கேக்கலை."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

அம்மா குனிந்து, தம்பியின் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டாள்.

ஜூனில் பள்ளி திறந்த முதல் நாளே மைதானத்துக்குப் போனேன். மிஸ் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். புதிதாக வந்தவர் வரிசையாக நிற்கவைத்துக் கையைத் தூக்கி இறக்கும் டிரில் மட்டும்தான் செய்யவைத்தார். நான் ஓடுவேன் என்று சொன்னேன். "ஓடு, யாரு வேணாம்னா?" என்றார். தனியாக ஒரு சுற்று ஓடினேன். நேரம் பார்க்க யாரும் இல்லை. அதற்குப் பிறகு போகவில்லை.

வாழ்க்கை ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. படித்தேன், பரீட்சை எழுதி வேலைக்குப் போனேன், கல்யாணம், ஒரு பெண். அப்பாவோடு பேச்சை நிறுத்தவில்லை. ஆனால் அவர் எதையாவது கனிவாகச் சொன்னால், இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். இன்றுவரை, யார் என்னிடம் அன்பாகப் பேசினாலும் என் மனசு முதலில் அதைத்தான் தேடுகிறது. என் கணவரைக் கேட்டால் சொல்வார்.

போன வருடம் அப்பாவுக்கு எண்பது முடிந்தது. சேலையூரில் ஒரு சின்ன ஹாலில் விழா. தம்பி அமெரிக்காவிலிருந்து வந்திருந்தான். மாலையோடு மேடையில் அப்பாவும் அம்மாவும். பேரப்பிள்ளைகளில் ஒருவன் மைக்கை நீட்டி, "தாத்தா, இந்த வயசுலயும் எப்படி ஃபிட்டா இருக்கீங்க?" என்று கேட்டான்.

அப்பா சிரித்தார். "எல்லாம் என் பொண்ணாலதான். நான் செயின் ஸ்மோக்கர். இவ சின்னப் பிள்ளையா இருக்கறப்ப ஒரு நியூ இயர் அன்னிக்கு, கோயில்ல வெச்சு, விட்டுடுங்கப்பான்னு அழுதா. ஒரே வார்த்தை. அன்னிக்கு விட்டவன்தான். அந்த ரெசல்யூஷனை இன்னிவரைக்கும் மீறலை." கண்கள் கலங்கியிருந்தன. நடிப்பு இல்லை. சொல்லிச் சொல்லி அவருக்கு அது அப்படித்தான் நடந்ததாக ஆகிவிட்டிருந்தது. அவர் கதையில் நான் அழுதேன், அவர் விட்டார். ஓட்டம் என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. "இல்லையாம்மா?" என்று மேடையிலிருந்தே என்னைக் கேட்டார்.

ஹால் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய முடியும்?

கைதட்டல் ஓய்ந்தபோது அம்மாவின் குரல் மைக்கில் கேட்டது. யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து மைக்கைத் தன் வாய்ப்பக்கம் இழுத்திருந்தாள்.

"அவ ஓடுவா" என்றாள். "ரொம்ப நல்லா ஓடுவா. அதை இவர் நிறுத்திட்டார்."

வயதான அம்மா ஏதோ சம்பந்தமில்லாமல் சொல்கிறாள் என்று ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அப்பா அவளைப் பார்த்தார், அன்று காபி டம்ளரோடு நின்றவளைப் பார்த்த அதே பார்வை. அம்மா இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. தம்பி அவசரமாக மைக்கை வாங்கி எல்லோரையும் பந்திக்கு அழைத்தான். என் பெண் என் தோளைத் தொட்டு, "அம்மா, நீ ரன்னரா? எனக்குச் சொல்லவே இல்லையே?" என்றாள்.

மேடைக்குப் போய் அம்மாவைக் கட்டிக்கொள்ளவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. கோபம்தான் வந்தது. அப்பாமேல் வந்ததைவிட அதிகமாக. இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிந்தவளுக்கு அன்றைக்கு மிஸ்ஸின் மொபெட் எங்கள் தெருமுனையைத் தாண்டும்வரை நேரம் இருந்தது.